ஒரே பையில் கடுக்காயும் அரப்பும்

சித்திரை மாதத்தில் ஒரு நாள் சேலம் செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் அரைக் கிலோ கடுக்காயும் கால் கிலோ அரப்புத் தூளும் கேட்டேன். கடுக்காய் வயிற்றுக்கா என்று கடைக்காரர் விசாரித்தார். சுவருக்கு என்றேன். அரப்பு? அது தலைக்கு. மனிதர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டையும் ஒரே பையில் போட்டு, சில்லறையை எண்ணும்போது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பைக்குப் பின்னால் ஒன்றரை வருடக் கதை இருக்கிறது. எங்கள் வீடு சூரமங்கலம் பக்கம், 1991இல் கட்டியது. கூடத்தின் மேற்குச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. அந்தச் சுவரின் அடியில் இரண்டரை அடி உயரத்துக்கு எப்போதும் ஓதம். போன வருடப் பொங்கலுக்கு முன் பட்டி பார்த்து, ஓதம் தடுக்கும் என்று சொல்லி விற்ற பூச்சு ஒன்றை அடித்து, மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் பூசினோம். 4,200 ரூபாய். தந்த நிறத்தில் கூடமே பளிச்சென்று இருந்தது. ஆடி மாதம் பார்த்தால் பெயிண்ட் அப்பளம் போல எழும்பியிருக்கிறது. விரலால் குத்தினால் உள்ளிருந்து வெள்ளை மாவு கொட்டுகிறது.

அதே வருடம்தான் மகள் கோயம்புத்தூர் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்து, மூன்றாவது வாரத்தில் சீப்பை வீசி எறிந்தாள். அங்கே வழுவழுவென்று இருந்த முடி, இங்கே வந்ததும் தேங்காய் நார். அங்கும் இங்கும் அதே ஷாம்பு, அதே எண்ணெய். முடிக்குச் சிகிச்சை செய்கிறோம் என்ற ஒரு அழகு நிலையத்தில் 3,500 ரூபாய் கொடுத்தோம். பளபளப்பு பத்து நாள் இருந்தது. சுவரில் பெயிண்ட் இருந்த காலத்தைவிடக் குறைவு.

இரண்டு செலவும் ஒரே முட்டாள்தனம் என்பது எனக்கு உறைத்த இடம், குளியலறைக் கண்ணாடி. அதில் நீர்த்துளி காய்ந்த ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைப் பொட்டு. பக்கெட்டின் உள்விளிம்பில் வெள்ளை வளையம். வாளியிலும் கண்ணாடியிலும் ஒட்டுவது தலையில் மட்டும் ஒட்டாமல் போகுமா? கோயம்புத்தூரில் அவளுக்கு வந்தது சிறுவாணித் தண்ணீர். இங்கே மொட்டை மாடித் தொட்டியில் இருப்பது போர் தண்ணீர்.

வீட்டிலேயே செய்த சோதனை இது. ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் குழாயில் வரும் மேட்டூர் தண்ணீர், ஒன்றில் பிடித்து வைத்த மழைநீர். மூன்றிலும் குளியல் சோப்பை ஒரே அளவு சீவிப் போட்டுக் குலுக்க வேண்டும். துணி சோப்பு வேண்டாம். அவற்றில் பலவும் டிடர்ஜென்ட், உப்பு மிகுந்த கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றிவிடும். மழைநீரில் பாட்டில் கழுத்துவரை நுரை. மேட்டூர் தண்ணீரில் பாதி. போர் தண்ணீரில் நுரை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, திரிந்த பால் போல வெள்ளைத் திப்பிதான் மிதந்தது. சோப்பு கால்சியத்தோடும் மெக்னீசியத்தோடும் சேர்ந்தால் கரையாத திப்பியாகிவிடும். சோப்பு போட்டுத் தலைக்குக் குளித்தால் முடியிழைகளின் மேல் படிவது இதுவேதான்.

பிறகு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 680 மில்லிகிராம் என்று வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு 200. வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. மெக்னீசியமும் கணிசமாக இருந்தது. அதில் எனக்கு வியப்பில்லை. ஏற்காடு மலைக்குப் போகும் வழியில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் குன்றுகள் எல்லாம் மேக்னசைட். உலைகளுக்குள் பதிக்கும் தீச்செங்கல் செய்ய வெட்டி எடுக்கிறார்களே, அந்த வெள்ளைக்கல். அதன் அண்டையில் குடியிருந்துகொண்டு தண்ணீர் பால் போல மென்மையாக வரவேண்டும் என்றால் எப்படி?

அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரையும் கெடுத்தது இந்த உப்புதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, பாதிதான் சரி என்றார்.

"உப்பு செங்கல்லிலும் மணலிலும் சிமெண்டிலும்கூட இருக்கும் டீச்சர். அது பாட்டுக்கு உள்ளே கிடக்கும். தண்ணீர் போய் அதை எழுப்பிவிடக் கூடாது. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள், பெயிண்டைப் பிறகு பார்க்கலாம்."

அதைக் கண்டுபிடிக்க அவர் சொன்ன முதல் வேலைக்குச் செலவு பத்து ரூபாய். ஓரடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் ஈரம் கண்டால் அறைக் காற்றின் ஈரம். சன்னலைத் திறந்து வைத்தாலே போதும். உட்பக்கம் முத்து முத்தாக நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுடையது உட்பக்கம்.

இரண்டாவது, குழாயா வடிகாலா என்று பிரித்துப் பார்ப்பது. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தில் கோடு கிழித்தேன். காலையில் கோடு மாறவில்லை, குழாய் நிரபராதி. அடுத்த இரவு குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் வாயான நானி டிராப்பைத் துணியில் கட்டிய மணல் மூட்டையால் அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தையும் கலந்துவிட்டேன். கூடத்துச் சுவரில் நீலம் ஊறி வரும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒரு நினைப்பு. நீலம் வரவில்லை. ஆனால் தண்ணீர் முக்கால் விரல் குறைந்திருந்தது. குளியலறைத் தரை மட்டும் ஒரு வாரம் நீலமாக இருந்ததுதான் என் துப்பறிதலின் மிச்சம்.

நான்கு டைல்ஸ் உடைத்துப் பார்த்ததில், நானி டிராப் குழாயோடு சேரும் மூட்டு விட்டிருந்தது. முப்பது வருடமாகக் குளித்த தண்ணீரில் ஒரு பங்கு சுவருக்குள்தான் போயிருக்கிறது. புது டிராப், சுற்றிலும் நீர்க்காப்புப் பூச்சு, சுவரோரம் அரையடி உயரத்துக்கும் அதே பூச்சு, அதன் பிறகு இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைத்துச் சோதனை. இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிட்டு டைல்ஸ் ஒட்ட அவசரப்படுவார்கள். விடாதீர்கள். டைல்ஸும் கூலியும் சேர்த்து 6,800 ரூபாய் ஆனது. தை மாதம் முடிந்தது.

அடுத்த மூன்று மாதம் கூடம் பார்க்கச் சகிக்கவில்லை. ஓதக் கறைக்கு மேலும் ஓரடி சேர்த்து, பதினோரு அடி நீளத்துக்கு மூன்றரை அடி உயரம் காரையை உளியால் கொத்தி எடுத்தோம். செங்கல் இடுக்குகளிலும் அரை அங்குலம் சுரண்டி எடுத்தாயிற்று. பிறகு காத்திருப்பு. ஒன்பது அங்குலச் சுவர் அவசரத்துக்குக் காயாது. நல்லவேளையாகச் சேலத்துப் பங்குனி வெயில் எங்கள் பக்கம் இருந்தது. வாரம் ஒருமுறை செங்கல் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை உலர்ந்த தென்னை நார்ப் பிரஷால் தேய்த்து, கீழே விழுந்ததை முறத்தில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும். என் வீட்டுக்காரர் ஒருமுறை நல்லெண்ணத்தோடு தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார். அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சுவர் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் தலைமுடி வேலையைத் தொடங்கினோம்.

முதலில் உதிரும் முடியை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு வரை அப்படி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்துக் கொத்தாகப் போனால் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு என்று காரணங்கள் பல உண்டு. அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும், தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மகளுடைய சீப்பில் இருந்தவை பெரும்பாலும் குமிழ் இல்லாத துண்டுகள். சிக்கெடுக்கும்போது நடுவில் ஒடிந்தவை. அப்படியென்றால் சொரசொரப்பும் சிக்கும்தான் வியாதி.

அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்கள் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் மட்டும் தேனாகவா இருந்தது கண்ணு? அரப்பும் கஞ்சியும் போட்டோம்" என்றார். நியாயமான பேச்சு. அரப்பு என்பது உசில மரத்து இலையைக் காயவைத்து இடித்த பொடி. இதிலும் சீயக்காயிலும் நுரைப்பதற்குக் காரணம் சபோனின். அது சோப்பு போலக் கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாவதில்லை. உப்புத் தண்ணீர் ஊர்களில் இந்தப் பொடிகள் நிலைத்ததற்கு இது ஒரு காரணம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அரப்பில் கொழகொழப்பும் உண்டு, அதனால் சிக்கு எளிதாக விடும்.

செய்முறையில் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் வெள்ளிக்கிழமை கடையில் வாங்கிய பொடியை அப்படியே குழைத்துத் தேய்த்தோம். தலையெல்லாம் இலைத் துகள், அலசி மாளவில்லை. பொடியை மெல்லிய துணியில் சலிக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை எண்ணெய் வைக்காமல் அரப்பு போட்டதில் முடி வறண்டு போனது. அரப்பு எண்ணெயை நன்றாக இழுக்கும், எண்ணெயே இல்லாத தலையில் அதற்கு வேலை இல்லை. மூன்றாவது முறைதான் கைவந்தது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள்ளேயே இறங்கக்கூடியது, நனையும்போது முடி ஊதி நலிவதைக் குறைக்கும். மினரல் ஆயில் கலந்தவை மேலே பூச்சாக நிற்பதோடு சரி. பிறகு மூன்று கரண்டி சலித்த அரப்பை, சோறு வடித்த வெதுவெதுப்பான கஞ்சியில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து அலசுவது.

கடைசி அலசலுக்குப் போர் தண்ணீர் கூடாது. மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்துவிடுகிறேன். முழுக் குளியலும் அதில்தான் என்றால் கட்டுப்படியாகாது. கடைசி இரண்டு சொம்பு போதும். அதில் முதல் சொம்பில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ள வேண்டும். படிந்த உப்பை இளக்கும், முடியின் மேல்தோல் படிந்து நிற்கும். எலுமிச்சையை நேராகத் தலையில் தேய்ப்பது தவறு, எரியும், வறளும். இரண்டாவது சொம்பு வெறும் தண்ணீர். மீந்த அரை மூடி எலுமிச்சையால் அதே குளியலறைக் கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்தேன். பொட்டுகள் போயின.

விடுதிக்குத் திரும்பினால் அரப்பு கரைத்துக்கொண்டிருக்க முடியாது என்று மகள் சொன்னாள். அவளுக்கு அங்கே அது தேவையும் இல்லை. போர் தண்ணீர் ஊரில் ஷாம்புதான் வசதி என்பவர்கள், பொருள் பட்டியலில் இடிடிஏ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். உப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது அதன் வேலை. ஈரத் தலையைப் பூத்துண்டால் பரபரவென்று துவட்டுவதை விட்டு, ஈரிழைத் துண்டில் சுற்றி வைப்பது, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பது, இவை இரண்டுக்கும் காசு செலவில்லை. ஏற்கெனவே பிளந்த நுனிகளை எதுவும் ஒட்டவைக்காது. இரண்டு அங்குலம் வெட்டச் சொன்னேன். அழுதாள், வெட்டிக்கொண்டாள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வளர்ந்துவிடும்.

சுவருக்கு வருகிறேன். மறுபடி சிமெண்ட் பூசினால் மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலேறும் என்பதால், சுண்ணாம்புக் காரை என்று முடிவானது. சுண்ணாம்பு மூச்சு விடும். சங்ககிரிப் பக்கத்திலிருந்து இருபது கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல் வந்தது. அதை நீற்றும் அன்று நான் விடுமுறை எடுத்துக்கொண்டேன், வேடிக்கை பார்க்கத்தான். இரும்புப் பீப்பாயில் முதலில் தண்ணீர், பிறகு கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். புகை எழும்பிக் கொதித்தது பார்க்க அழகாக இருந்தது. ஆனால் குச்சியால் கிளறப் போன என் தலையில் ஒரு துளி தெறித்து, எலுமிச்சைச் சொம்பு வரைக்கும் போக வேண்டியதாயிற்று. சித்தாள் பெண்கள் இருவரும் எண்ணெய் தடவி, முடியை இறுகக் கொண்டை போட்டு, மேலே துணி கட்டித்தான் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த தலைமுடிப் பராமரிப்பு எனக்குத் தெரியவில்லை.

நீற்றிய சுண்ணாம்பை மூன்று வாரம் தண்ணீருக்கடியில் மூடி வைத்தோம். அது வெண்ணெய் போலானது. கடைசி வாரத்தில் கடுக்காயை உடைத்து ஊறப்போட்டு, வெல்லமும் சேர்த்தோம். நான்காம் நாள் வீடு முழுக்கச் சாராய வாடை. பக்கத்து வீட்டு அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கடுக்காய்த் தண்ணீர் காரையை இறுக்கும் என்பது பழைய கொத்தனார்கள் கணக்கு.

ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். இரண்டு கையாகப் பூச்சு. முதல் கை பூசிய அன்று மாலை, சீக்கிரம் காயட்டும் என்று நான் மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டேன். மறுநாள் காலை சுவர் முழுக்க முடியிழை போல வெடிப்பு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துத்தான் இறுகும், அதற்கு ஈரப்பதமும் அவகாசமும் வேண்டும். மேஸ்திரி என்னைத் திட்டவில்லை. விசிறியின் சுவிட்சுக்கு மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் போனார். வெடிப்பு கண்ட இடங்களை மரக்கட்டையால் தேய்த்து மூடி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் பொறுத்து இரண்டாவது கை பூசினோம்.

நிறம் பற்றி வீட்டில் சண்டை. மகளுக்கு மஞ்சள் வேண்டும், சமையல் மஞ்சள் தூளையே கலந்தால் என்ன என்றாள். ஆரத்தித் தட்டை நினைத்துப் பார் என்றேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது திருஷ்டி கழித்த எல்லா வீட்டுக்கும் தெரிந்த வேதியியல். அவளுடைய அப்பத்தா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். சுண்ணாம்புக்குத் தாங்குவது மண்ணும் காவியும்தான். மஞ்சள் காவி வாங்கி, சுண்ணாம்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்தோம்; கூடினால் கையில் ஒட்டும். பால் பதத்தில் மூன்று கை. முதல் கை அடித்ததும் ஒன்றுமே தெரியாது, பணம் போச்சு என்று நினைக்கத் தோன்றும். காயக் காயத்தான் நிறம் எழும்பும். தரையிலிருந்து அரையடிக்குச் செங்காவிப் பட்டை ஒன்று ஓட்டினேன், துடைப்பமும் துடைக்கும் துணியும் படுகிற இடம் என்பதால்.

அலங்காரம் என்று அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அம்மாப்பேட்டைக் கைத்தறிக்காரர் ஒருவரிடம் வெளுக்காத பருத்தித் துணி எடுத்துச் சன்னல் திரை தைத்தேன். துவைத்துக் கடைசி அலசல் மேட்டூர் தண்ணீரில், பிறகு தெளிந்த ஜவ்வரிசிக் கஞ்சி. ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு கஞ்சிப் பொடி வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. சோபாவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போட்டிருக்கிறேன், காற்று போகட்டும் என்று. காரையும் சாயமும் கூலியும் சேர்ந்து 9,300 ரூபாய்.

ஆவணி வரை பார்த்துவிட்டேன். மேற்குச் சுவரில் ஓர் இடத்தில், பழைய காரையும் புதியதும் சேரும் கோட்டில், கையகலம் உப்புப் பூத்தது. உலர்பிரஷால் தட்டிவிட்டு மெல்ல ஒரு கை சுண்ணாம்பு அடித்தேன். மகள் போன வாரம் விடுமுறைக்கு வந்தாள். இன்னும் சீப்பை வீசவில்லை.

சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால், நேற்று ஒரு பெயிண்ட் குமிழைப் பார்த்தேன். பாலித்தீன் ஒட்டியிருக்கிறேன். நாளை மாலை பிரிக்க வேண்டும்.